போக்கிமான் எல்லாவற்றையும் பிடித்து முடிப்பதில் இன்னும் பொருள் இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போக்கிமான் என்பது கற்பனை விலங்குகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடும் ஜப்பானிய வீடியோ விளையாட்டு. நான் அதை ஆடுகிறவன் என்று தெரிந்ததும் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது, "இந்த வயசுலயுமா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது, "எல்லாத்தையும் பிடிச்சுட்டியா?" அதற்குப் பதில் கொஞ்சம் நீளம். அதையும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் மற்றக் கேள்விகளையும் இங்கே போட்டு வைத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். முடிக்கலாமா, வேண்டாமா?

ஒரு விளையாட்டுக்குள் இருக்கும் வட்டாரப் பட்டியல் மட்டும் என்றால் தாராளமாக முடிக்கலாம். நன்றாகவும் இருக்கும். 1996 முதல் இன்றுவரை வந்த அத்தனையும் என்றால், கீழே வரும் செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தனியாக உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் முடிக்கப் போகிறேன் என்றால், வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

"எல்லாம்" என்றால் மொத்தம் எத்தனை?

1996-இல் ஜப்பானில் கேம்பாய் என்ற கையடக்கக் கருவிக்கு ரெட், கிரீன் என்ற இரண்டு கார்ட்ரிட்ஜ்களாக வந்தபோது 151. புது விலங்குகளோடு வரும் ஒவ்வொரு விளையாட்டுத் தொகுதியையும் தலைமுறை என்பார்கள். இரண்டாம் தலைமுறையில் 251 ஆனது. மூன்றாவதில் 386, நான்காவதில் 493, ஐந்தாவதில் 649. ஐந்தாம் தலைமுறைதான் ஒரே மூச்சில் 156 புதியவற்றை இறக்கியது. அந்த எண்ணிக்கையை வேறு எந்தத் தலைமுறையும் தொடவில்லை. அப்புறம் 721, 809, 905. ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளும் அவற்றின் கூடுதல் பகுதிகளும் முடிந்தபோது 1025.

பிடித்தவற்றை விளையாட்டுக்குள் பெட்டிகளில் அடுக்கி வைப்போம். ஒரு பெட்டிக்கு 30 இடம். 1025-ஐ வைக்க 35 பெட்டி வேண்டும். ஸ்கார்லெட்டில் இருப்பதே 32 பெட்டிதான். ஆக, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள விளையாட்டுக்குள்ளேயே இடம் கிடையாது. இந்த ஒரு கணக்கே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும்.

இந்தப் பிடித்துச் சேர்க்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

இதை உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பைத்தியம். நம்மூர்ப் பையன்கள் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து இலை போட்டு வளர்ப்பதைப்போல. ஊர் நகரமாகி, குளமும் காடும் கட்டடமாகி, பூச்சிகள் காணாமல் போயின. பின்னாளில் கேம்பாய் வந்தபோது இரண்டு கருவிகளை இணைக்கும் ஒயர் ஒன்று அதனுடன் இருந்தது. மற்றவர்கள் அதை எதிர்த்து மோதுவதற்கான ஒயராகப் பார்த்தார்கள். தஜிரியோ, ஒரு பூச்சி அந்த ஒயர் வழியே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தார். போக்கிமான் அங்கிருந்துதான் பிறந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த விளையாட்டில் "சேர்" என்ற கட்டளை முதல் நாளிலிருந்தே "போய் இன்னொருவரைப் பார்" என்பதற்கு ஒரு சாக்குதான். கணக்குப் போட்டால் புரியும். முதல் விளையாட்டில் சில விலங்குகள் ரெட்டில் மட்டும், சில மற்றப் பதிப்பில் மட்டும். அதோடு நின்றதா? ஈவீ என்ற குட்டி ஆட்டம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். அது எந்தக் கல்லைத் தொடுகிறதோ அதைப் பொறுத்து வேப்போரியன், ஜோல்டியன், ஃபிளேரியன் மூன்றில் ஒன்றாக மாறும். மாறினால் மாறியதுதான். குட்டி போட வைக்கும் வசதி அப்போது இல்லை. தொடக்கத்தில் பேராசிரியர் தரும் மூன்றிலும் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆக, இரண்டு பதிப்பும் கையில் இருந்தாலும் பட்டியல் நிறையாது. மூன்று பேருடைய ஆட்டம் வேண்டும். இரண்டு பதிப்பையும் விற்கும் வியாபாரத் தந்திரம் என்று சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் தந்திரம் மட்டும் என்றால் மூன்றாவது ஆளை எதற்கு இழுக்க வேண்டும்?

151-ஆவது மியூ. அதை மட்டும் ஏன் யாராலும் பிடிக்க முடியவில்லை?

அது பிடிப்பதற்காக வைக்கப்பட்டதே அல்ல. பிழை பார்க்கும் நிரல்களைக் கார்ட்ரிட்ஜிலிருந்து நீக்கியபோது கொஞ்சம் இடம் மிஞ்சியது. ஷிகேகி மோரிமோட்டோ என்ற நிரலாளர் அந்த இண்டு இடுக்கில் மியூவைச் சொருகி வைத்தார். விளையாட்டில் ஏதோ கோளாறால் அது வெளியே தலைகாட்ட, ஜப்பானியப் பள்ளிகளில் வதந்தி பற்றிக்கொண்டது. பிறகு கோரோகோரோ என்ற சிறுவர் இதழ் மூலம் போட்டி வைத்து 20 பேருக்கு மட்டும் கொடுத்தார்கள். நாடு முழுக்க 20 பேர்! ஆகவே "அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் பிடிக்க முடிந்தது, இப்போதுதான் கெடுத்துவிட்டார்கள்" என்று யாராவது புலம்பினால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒரு நியாயம் அன்றே இருந்தது. பட்டியலை முடித்ததற்கான சான்றிதழுக்கு மியூ தேவையில்லை, 150 போதும். இப்படி நிகழ்ச்சிகளில் மட்டும் கொடுக்கப்படும் அபூர்வங்களைக் கணக்கில் சேர்க்காத வழக்கம் பின்னால் வந்த விளையாட்டுகளிலும் பெரும்பாலும் தொடர்ந்தது.

வட்டாரப் பட்டியல், தேசியப் பட்டியல், லிவிங் டெக்ஸ் – எது எது?

வட்டாரப் பட்டியல் என்பது அந்த ஆட்டம் நடக்கும் நிலத்தில் உள்ளவை. ஸ்கார்லெட்டில் பால்டியா நிலத்துக்கு 400. கூடுதல் பகுதிகளான கிடகாமிக்கு 200, புளூபெர்ரிக்கு 243. இவற்றில் பல ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியலில் வரும்.

தேசியப் பட்டியல் என்பது ஊர் வேறுபாடு இல்லாமல் அத்தனையும். ஒருமுறை கையில் வந்து போனால் போதும், பதிவாகிவிடும்.

லிவிங் டெக்ஸ் (டெக்ஸ் என்றால் போக்கிமான் பட்டியல்) என்பது ரசிகர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட தண்டனை. பதிவு போதாது, ஒவ்வொன்றும் உயிரோடு பெட்டியில் வரிசை எண்படி உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பளிப்பூச்சி ஒன்று, கூட்டுப்புழு ஒன்று, பட்டாம்பூச்சி ஒன்று என்று மூன்றும் தனித்தனியாக.

2019-இல் ஏதோ பெரிய சண்டை நடந்ததாமே?

நடந்தது. அதுவரை ஒரு மறைமுக ஒப்பந்தம் இருந்தது: நீ பிடித்ததைப் பத்திரமாக வைத்துக்கொள், அடுத்த விளையாட்டுக்கு அழைத்து வரலாம். 2017-இல் வந்த அல்ட்ரா சன், அல்ட்ரா மூன் வரை இது காப்பாற்றப்பட்டது. அப்போது இருந்த 807-ஐயும் அங்கே கொண்டுபோக முடிந்தது. 2019 ஜூனில், ஸ்வோர்ட், ஷீல்ட் வெளிவருவதற்குச் சில மாதம் முன்பு, தயாரிப்பாளர் ஜுனிச்சி மசுதா புதிய ஆட்டத்தின் பட்டியலில் இருப்பவை மட்டுமே உள்ளே வர முடியும் என்று அறிவித்தார். எண்ணிக்கை கூடிப்போயிற்று, ஒவ்வொன்றுக்கும் உயர்தர அசைவு, சண்டையில் சமநிலை எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிரெக்சிட்டைக் கேலி செய்து, இதற்கு "டெக்ஸிட்" என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆட்டம் நடக்கும் கலார் நிலம் பிரிட்டனைப் பார்த்துச் செய்தது என்பதால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

என் கருத்து: கோபம் நியாயம்தான், ஆனால் ஒப்பந்தம் முதலில் உடைந்தது 2019-இல் அல்ல. 2002-இல் ரூபி, சஃபையர் வந்தபோதே, முதல் இரண்டு தலைமுறைகளில் பிடித்தவற்றைக் கொண்டுவர எந்த வழியும் வைக்கவில்லை. உள்ளே தரவை எழுதும் முறையையே மாற்றிவிட்டார்கள். அன்று பொறுத்துக்கொண்டோம். ஏனென்றால் அன்று பெட்டிக்குள் இருந்தவை அதிகம் போனால் ஆறு வருடத்துச் சேமிப்பு. 2019-இல் அது பதினாறு பதினேழு வருடத்துச் சேமிப்பு. வலி எண்ணிக்கையில் இல்லை, வருடத்தில் இருந்தது.

விற்பனையில் எதுவும் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலெட் முதல் மூன்று நாளிலேயே ஒரு கோடி விற்றன. இன்று 1025-ஐயும் ஏற்கும் போக்கிமான் விளையாட்டு ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் முழுச் சேமிப்பையும் எங்கே வைப்பது?

போக்கிமான் ஹோம் என்ற சேமிப்புச் செயலியில். 2020 பிப்ரவரியில் வந்தது. இலவசக் கணக்கில் 30 இடம்தான். பணம் கட்டினால் 6000. ஆட்டம் ஓரிடம், சேர்த்தவை வேறிடம் என்று ஆகிவிட்டது. ஊரில் வீடு பூட்டிக் கிடக்க, நாம் வாடகை வீட்டில் இருப்பதுபோல.

முடித்தால் என்னதான் கிடைக்கும்?

முதல் விளையாட்டில் செலடன் நகரத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது. மாடியில் இந்த விளையாட்டைச் செய்த கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். 150-ஐயும் முடித்துவிட்டுப் போய்ப் பேசினால் திரையில் ஒரு சான்றிதழ் காட்டுவார்கள். அவ்வளவுதான். காசு கிடையாது, பொருள் கிடையாது. பின்னால் வந்த யெல்லோ பதிப்பில் கேம்பாய் பிரிண்டரில் போட்டு அதை அச்சிட்டுக்கொள்ளலாம் என்பது உபரி.

இப்போது நிலைமை பரவாயில்லை. பால்டியாவின் 400-ஐ முடித்து, உயிரியல் ஆசிரியர் ஜாக்கிடம் காட்டினால் ஷைனி சார்ம் தருவார். வேறு நிறத்தில் பிறக்கும் அபூர்வ வகைகளான ஷைனிகள் எதிர்ப்படும் வாய்ப்பை அது ஏறத்தாழ மூன்று மடங்காக்கும். ஹோம் செயலியில் தேசியப் பட்டியலை முடித்தால் அசல் நிறத்து மாகியர்னா கிடைக்கும். ஒவ்வொரு விளையாட்டின் பட்டியலையும் ஹோமில் நிறைத்தால் பளபளக்கும் மனாஃபி, எனமோரஸ், மெலோயெட்டா, கெல்டியோ போன்றவற்றையும் தருகிறார்கள்.

கவனித்தீர்களா? பரிசாகக் கிடைப்பதெல்லாம் மேலும் சேர்ப்பதற்கான சாமான். பந்தியில் சாப்பிட்டு எழுந்தவனுக்கு இன்னொரு இலை போடுவதுபோல. பரிசுக்காக முடிப்பவர்கள் முடித்த மறுநாள் ஏமாந்து போவார்கள். நான் பார்த்தவரை இது தவறியதில்லை.

எவ்வளவு செலவாகும்?

ஹோம் கட்டணம் ஆண்டுக்கு 15.99 டாலர். ஸ்விட்ச் கருவியில் இணையம் வழியாகப் பரிமாற நின்டென்டோவின் இணையச் சந்தா ஆண்டுக்கு 19.99 டாலர். ஸ்கார்லெட் அல்லது வயலெட் ஒன்று 59.99, கூடுதல் பகுதி 34.99. 1025-ஐயும் சொந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்றால் இன்னும் பல விளையாட்டுகள் தேவைப்படும். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட இதே விலை.

வட்டாரப் பட்டியலை மட்டும் முடிக்க ஒரே ஒரு விளையாட்டும், எதிர்ப் பதிப்பு வைத்திருக்கும் ஒரு நண்பரும் போதும். நேரில் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறச் சந்தா தேவையில்லை. இதற்கும் அதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நண்பர் யாரும் இல்லை. தனியாக முடிக்க முடியாதா?

முடியும். ஹோம் செயலியின் கைபேசி வடிவத்தில் உலகப் பரிமாற்ற மையம் இருக்கிறது. இதைத் தருகிறேன், அது வேண்டும் என்று போட்டு வைத்தால் உலகின் எங்கோ ஒரு மூலையில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். விளையாட்டுக்குள்ளேயே இணைப்புக் குறியீடு போட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரசிகர்கள் தங்களுக்குள் பேசி வைத்த எண்கள் உண்டு. அந்த எண்ணைப் போட்டால், எதிர்ப் பதிப்பில் மட்டும் கிடைக்கும் விலங்கோடு ஒருவர் காத்திருப்பார். ஒரு நிமிடம். வணக்கம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதில் ஒட்டவில்லை. காரணம் ஒரு ஹான்டர்.

2006 வாக்கில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து, கணினியில் எமுலேட்டர் (கணினியைக் கேம் கருவிபோல நடக்க வைக்கும் நிரல்) வழியாக ஃபயர்ரெட் என்ற போக்கிமான் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். காஸ்ட்லி என்ற புகைப்பந்தைப் பிடித்து வளர்த்தேன். ஹான்டர் ஆனது. அதன் பிறகு ஆகவே இல்லை. எத்தனை நிலை ஏற்றினாலும் ஆகவில்லை. ஹான்டரை இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் அது கெங்கார் ஆகும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒயரும் இல்லை, இன்னொரு கருவியும் இல்லை, யாரிடம் கொடுப்பது? ஒருநாள் போனபோது கணினியையே ஃபார்மட் அடித்து வைத்திருந்தார்கள். ஹான்டரும் போயிற்று.

போன பொங்கல் விடுமுறையில் அக்கா மகன் வந்திருந்தான். அவனிடம் வயலெட், என்னிடம் ஸ்கார்லெட். அவனுடைய ஹான்டரை என்னிடம் அனுப்பச் சொன்னேன். பொத்தானை அழுத்தும் முன் நிமிர்ந்து பார்த்து, "மாமா, திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல?" என்றான். அனுப்பினான். திரை வெளுத்தது. கெங்கார் என் கையில் பல்லைக் காட்டிச் சிரித்தது. அதற்குள் அவன் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தான். திருப்பி அனுப்பினேன். பிறகுதான் பேகன் எனக்கு, லார்விடார் உனக்கு என்று பேரம் தொடங்கியது. பேகனுக்கு அவன் இரண்டு கேட்டான். அக்கா புத்தி அப்படியே.

ஹோமின் மையத்தில் அன்று இரவே மீதி எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அவன் கோடை விடுமுறைக்கு வருவான்.

எந்தப் போக்கிமான்களைப் பிடிப்பது உண்மையிலேயே சுவாரசியம்?

புல்லில் நடந்து, எதிரே வந்து, பந்து வீசி மாட்டுபவை பட்டியலில் முக்கால்வாசி. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மீதியில்தான் வேடிக்கை.

இன்கே என்ற கணவாய்க் குஞ்சு 30-ஆம் நிலையைத் தொடும்போது நீங்கள் கையில் இருக்கும் 3டிஎஸ் என்ற நின்டென்டோ கையடக்கக் கருவியைத் தலைகீழாகப் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் அது மாறும். பேருந்தில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறேன், பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஸ்வோர்டில் ஆல்க்ரிமி என்ற கேக் இருக்கிறது. அதன் முந்தைய வடிவமான மில்சரிக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்து, உங்கள் கதாபாத்திரத்தை நின்ற இடத்தில் சுற்ற வைக்க வேண்டும். வலமா இடமா, எத்தனை நொடி, பகலா இரவா என்பதைப் பொறுத்து கிரீமின் நிறம் மாறும். அதில் ஒரு நிறத்துக்கு மாலை 7 மணி முதல் 8-க்குள் இடப்பக்கமாகப் பத்து நொடிக்குமேல் சுற்ற வேண்டும். ஒன்பது கிரீம், ஏழு மிட்டாய், மொத்தம் 63 வகை. இதை யோசித்தவர் சமையலறையில் நேரம் கழித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கோல்டெங்கோ, வரிசையில் சரியாக 1000-ஆவது. புதையல் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் கிம்மிகூல் அதுவாக மாற 999 நாணயம் சேர்க்க வேண்டும். பாழடைந்த கோபுரங்களின் உச்சி, பாறை இடுக்கு, பலகைக்குப் பின்னால் என்று பொறுக்கிக்கொண்டே போகலாம். வேலை என்று நினைத்தால் எரிச்சல். வேறு எங்கோ போகிற வழியில் பொறுக்கினால் சுகம்.

எனக்குப் பிடித்தது ஸ்பிரிடூம். 108 ஆவிகள் ஒரு கல்லுக்குள் கட்டுண்டு கிடப்பது. அது அறிமுகமான 2006-ஆம் ஆண்டு விளையாட்டுகளில் அதன் வட்டார வரிசை எண் 108. எடை 108 கிலோ. 108 என்றதும் நமக்குப் பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய் நினைவுக்கு வரும். ஜப்பானியர்களுக்கு ஆண்டின் கடைசி இரவில் புத்தக் கோயிலில் 108 முறை அடிக்கும் மணி. மனிதனின் ஆசைகள் 108 என்ற கணக்கு அது. பௌத்தத்தோடு இங்கிருந்து போன எண்தான். அந்த 2006 விளையாட்டில் இதைப் பிடிக்க, நிலத்தடிச் சுரங்கத்தில் மற்ற ஆட்டக்காரர்களிடம் 32 முறை பேசியிருக்க வேண்டும். பேசாமல் பிடிக்க முடியாது!

2022-இல் வந்த லெஜெண்ட்ஸ்: ஆர்சியஸ் விளையாட்டில் இதே ஸ்பிரிடூமுக்கு நிலமெங்கும் இரவில் மினுங்கும் 107 ஆவிச்சுடர்களைத் தேட வேண்டும். நான் இருபது இரவாவது அலைந்திருப்பேன்.

சேர்ப்பதையே கதையாக வைத்த விளையாட்டு ஏதாவது உண்டா?

அதே லெஜெண்ட்ஸ்: ஆர்சியஸ்தான். மற்ற விளையாட்டுகளில் பட்டியல் ஓரமாக இருக்கும், கோப்பை நடுவில் இருக்கும். இதில் பட்டியல் எழுதுவதுதான் உங்கள் உத்தியோகம். போக்கிமான்களைக் கண்டு மக்கள் பயந்துகொண்டிருக்கும் பழைய காலம். லாவென்டன் என்ற பேராசிரியருக்காக முதல் பட்டியலை நீங்கள் தயாரிக்கிறீர்கள். பிடித்தால் மட்டும் போதாது. அது என்ன சாப்பிடுகிறது, எந்த நேரம் வருகிறது, எந்த அடியைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டும். கடைசியில், தலைப்பில் பெயர் இருக்கும் ஆர்சியஸைச் சந்திக்க வேண்டுமென்றால் ஷேமின், டார்க்ராய் நீங்கலாக எல்லாவற்றையும் பிடித்திருக்க வேண்டும். 242 உள்ள பட்டியல்தான், ஒரே விளையாட்டை வாங்கினால் போதும், இரண்டாம் பதிப்பு கிடையாது. சேர்ப்பதில் உங்களுக்கு ருசி இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இன்னொருவர் தேவையே இல்லாத ஆட்டத்தைப் புகழ்கிறாயே, மேலே வேறு சொன்னாயே என்று கேட்டால், ஆமாம். முரண்தான்.

ஒவ்வொரு வடிவத்தையும், ஷைனியையும் சேர்த்தால்தான் முழுமை என்கிறார்களே?

எழுத்து வடிவில் இருக்கும் அன்னோனின் 28 வகை, மேலே சொன்ன 63 கேக் என்பதுவரை புரிந்துகொள்ளலாம். ஸ்பிண்டா என்ற கரடி இருக்கிறது. அதன் முகத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே எழுதப்பட்ட ஓர் எண்ணைப் பொறுத்து மாறும். மொத்தம் சுமார் 429 கோடி வகை சாத்தியம். அதையும் "வடிவம்" என்று எண்ணத் தொடங்கினால் எங்கே போய் நிற்பது?

ஷைனி வேறு வேட்டை. ஆறாம் தலைமுறையிலிருந்து சாதாரண வாய்ப்பு 4096-இல் ஒன்று. 4096 முறை பார்த்தால் நிச்சயம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 4096 பார்த்த பிறகும் நூற்றில் 37 பேருக்குக் கிடைத்திருக்காது. இதைப் பட்டியலோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

பணம் கொடுத்து வாங்கலாமா? இலவசமாகவே தருகிறேன் என்கிறார்களே?

அப்படித் தரப்படுபவை பெரும்பாலும் நிரல் வைத்து உருவாக்கியவை. பெயருக்குப் பதிலாக ஏதாவது இணைய முகவரி எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம். விதிப்படி அவை செல்லாது. 2023-இல் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் இப்படிப்பட்டவற்றை வைத்திருந்த சிலர் நீக்கப்பட்டார்கள். போட்டிக்குப் போகாதவர்களுக்கு நடைமுறையில் பெரிய ஆபத்து இல்லை என்றாலும், நிரலில் உருவான 1025-ஐப் பெட்டியில் அடுக்கிப் பார்த்து என்ன செய்வது? அந்தப் படங்களைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாமே.

பழைய கார்ட்ரிட்ஜில் பிடித்தவை இருக்கின்றன. காப்பாற்ற முடியுமா?

எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்தது. முதல் இரண்டு தலைமுறைக் கார்ட்ரிட்ஜ்களில் சேமிப்பு, உள்ளே இருக்கும் ஒரு சின்ன வட்ட பேட்டரியை நம்பி இருக்கிறது. அது தீர்ந்தால் சேமிப்பும் போகும். அந்தக் கார்ட்ரிட்ஜ்களிலிருந்து வெளியே வர அதிகாரப்பூர்வ வழியும் இல்லை. ரூபி முதல் எமரால்டு வரையானவற்றில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் சேமிப்பு நிற்கும். பயப்பட வேண்டாம்.

ஆனால் அங்கிருந்து இன்றைய ஹோமுக்கு வருவது ஒரு யாத்திரை. கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் போடும் இடம் உள்ள பழைய டிஎஸ் வேண்டும். நான்காம் தலைமுறை விளையாட்டுக்குள் இருக்கும் பால் பார்க் என்ற இடத்தில் ஆறு ஆறாக மறுபடி பிடிக்க வேண்டும். நான்கிலிருந்து ஐந்தாம் தலைமுறைக்குக் கொண்டுபோக இரண்டு டிஎஸ் கருவிகள் வேண்டும். அங்கேயும் ஆறு ஆறு. பிறகு 3டிஎஸ் வழியாகப் பெட்டி பெட்டியாக, ஹோமுக்கு முந்தைய சேமிப்புச் செயலியான பேங்குக்கு. அங்கிருந்து ஹோமுக்கு. எல்லாமே ஒருவழிப் பாதை. 3டிஎஸ் இணையக் கடை 2023 மார்ச் 27-இல் மூடப்பட்டுவிட்டதால், அதற்கு முன்பே பேங்கைப் பதிவிறக்கி வைத்தவர்களுக்குத்தான் இந்தப் பாலம். வைத்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள், இந்த வாரமே உட்காருங்கள். இந்தப் பக்கத்தில் அவசரம் என்று நான் சொல்லும் ஒரே விஷயம் இதுதான்.

'போக்கிமான் கோ' விளையாட்டில் எல்லாவற்றையும் பிடிக்க முடியுமா?

1025-உம் அதில் இல்லை. இருப்பவற்றைப் பெரும்பாலும் பிடிக்கலாம், பயணம் செய்தால். 2016-இல் வந்த இந்தக் கைபேசி விளையாட்டு, பதிப்புக்குப் பதிலாக பூகோளத்தைப் பிரித்து வைத்தது. டாரஸ் வட அமெரிக்காவில், கங்கஸ்கான் ஆஸ்திரேலியாவில், ஃபார்ஃபெட்ச்ட் ஜப்பான் பக்கம். நமக்கும் ஒன்று உண்டு: டோர்கோல் என்ற நெருப்பு ஆமை. இந்தியா உட்பட்ட தெற்காசியா, தென்கிழக்காசியப் பக்கம்தான் அது நடமாடும். இங்கே பூங்காவைச் சுற்றினால் குப்பையாகக் கிடைக்கிறது என்று நாம் தள்ளிவிடுவதை, ஐரோப்பாவிலிருந்து வருகிறவர் பார்த்தால் கண் விரியும். வெளிநாட்டு உறவினர் ஊருக்கு வரும்போது சாக்லெட்டுக்குப் பதில் டாரஸ் கேளுங்கள். பதிலுக்குக் கொடுக்க ஆமைகளைச் சேர்த்து வையுங்கள், அழித்துவிடாதீர்கள்.

என் பிள்ளை இதில் மூழ்கிக் கிடக்கிறான். நான் கவலைப்பட வேண்டுமா?

நேரத்துக்கு எல்லை வையுங்கள், அது எந்த விளையாட்டுக்கும் பொருந்தும். முடிந்தால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து "இதில் உனக்கு எது கிடைக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவான்.

இப்போது தொடங்குகிறேன். எந்த இடத்தில் நிறுத்துவது?

ஒரு விளையாட்டின் கதையை முதலில் முடியுங்கள். கதை முடியும்போது பட்டியலில் பாதிக்குப் பக்கம் தானாக நிறைந்திருக்கும். அப்போது பட்டியலைத் திறந்து காலி இடங்களைப் பாருங்கள். "இது என்னவாக இருக்கும்?" என்று தோன்றினால் தொடருங்கள். "இன்னும் இத்தனையா?" என்று தோன்றினால் மூடி வைத்துவிடுங்கள்.

என் பால்டியா பட்டியல் இப்போது 397-இல் நிற்கிறது. மிச்சம் மூன்றில் ஒன்று மிரைடான். அது அக்கா மகன் பதிப்பில்தான் இருக்கிறது. போன வாரம் கைபேசியில் அழைத்து, அதற்குப் பதில் என் கொரைடானும் இரண்டு ஈவீயும் வேண்டும் என்கிறான். ஒரு ஈவீக்கு மேல் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பேச்சுவார்த்தை நடக்கிறது.